காத்துப் போக ஒரு வழி

வாங்க மேஸ்திரி, வாங்க. சத்தம் போடாம இப்படி வாங்க. உள்ள எம்புள்ள கௌசி படுத்திருக்கா, பச்ச ஒடம்புக்காரி. கொழந்தை பொறந்து இன்னும் மாசம் திரும்பல. தாயும் புள்ளையும் அந்த ரூமுக்குள்ளதான் இருக்குதுங்க.

அதேதான், அந்த ஓட்டைதான். ஜன்னலுக்கு மேல தெரியுது பாருங்க. அதை அடைக்கத்தான் உங்களை வரச் சொன்னேன். செங்கல்லு வெச்சு, சிமெண்டு பூசி, அங்க ஒரு ஓட்டை இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியக் கூடாது. இப்போதைக்கு உள்பக்கம் பலகை வெச்சு நானே ஆணி அடிச்சிருக்கேன். ஆனா பலகையெல்லாம் எத்தனை நாளைக்கு நிக்கும்? அவரு கைக்குப் பலகை ஒரு பொருட்டா?

என்னங்க? வெண்டிலேட்டரை அடைக்கலாமான்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க! நீங்க மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வந்த ஆளு, உங்களுக்கு இந்தக் கேத்திப் பள்ளத்துப் பனி தெரியாது. வெடியால எந்திரிச்சுப் பாத்தா கேரட்டுக் காடு பூராவும் உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளையாக் கெடக்குது. பைப்புல தண்ணி வர மாட்டேங்குது. இந்தக் குளிருல புள்ளை பெத்தவ ரூமுக்கு ஓட்டை ஒண்ணுதான் கேடு! புள்ளை பெத்தவளுக்குக் காத்து ஆகாதுங்க. குளிர்க் காத்தும் ஆகாது, அந்த இன்னொரு காத்தும் ஆகாது. நான் எந்தக் காத்தைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும். பேரைச் சொல்லாம விடறேன்.

பேரென்ன பேரு, எங்கூட்டுக்காரரு பேருதான். கேரட் வண்டிக்காரருன்னா இந்தப் பள்ளத்துல எல்லாருக்கும் தெரியும். ஆமாங்க, அவரேதான், பேரை நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொல்ல மாட்டேன். உசுரோட இருந்தப்பவும் அவரு பேரை நான் சொன்னதில்ல. இப்பச் சொன்னா கூப்பிட்ட மாதிரி ஆயிடும். கூப்பிடாமயே வந்துட்டிருக்காரு, இதுல நான் வேற கூப்பிடணுமா?

சிரிக்காதீங்க மேஸ்திரி. உக்காருங்க, டீ போட்டிருக்கேன், குடிச்சுட்டு ஆரம்பிங்க. விசயம் தெரிஞ்சு அடைச்சீங்கன்னாத்தான் அழுத்தமா அடைப்பீங்க. அந்தக் கோழிக்கூண்டுல முதுகைச் சாச்சுக்கங்க, ஒண்ணும் ஆகாது. அது அவரு கட்டினதுதான். யானை முட்டினாலும் அசையாது.

அந்தக் கூண்டுலதாங்க எல்லாக் கருமமும் ஆரம்பிச்சுது.

நாங்க கோழி வாங்கின மொதப் பனிக்கு நானே ஒரு கூண்டு செஞ்சேன். கௌசி வெளியூர்ல படிச்சுட்டிருந்தா, அவரும் வண்டியில போயிட்டா வீட்டுல இருக்கறது நான் ஒருத்திதானே. பனி எறங்க ஆரம்பிச்சதும் எனக்குப் பொறுக்கல. வாயில்லாச் சீவனுங்க, நடுங்குமேன்னு சுத்தியும் தார்ப்பாயைக் கட்டி, சந்து பொந்தெல்லாம் சாக்கைத் திணிச்சு, ஒரு எறும்பு மூச்சு விட எடமில்லாம அடைச்சு வெச்சேன். எனக்குத் தெரிஞ்ச பாசம் அவ்வளவுதானுங்க. அடுத்த நாளு, அதுக்கு அடுத்த நாளு, ஒவ்வொண்ணாச் சுருண்டு விழுது. கொண்டை நுனி கருத்துப் போச்சு. கூண்டைத் தொறந்தா வீச்சம் கண்ணைக் கரிக்குது. மேல தகரத்துல இருந்து சொட்டுச் சொட்டாத் தண்ணி. மழையும் கெடையாது ஒண்ணும் கெடையாது, தண்ணி எங்கிருந்து வந்துச்சுங்கறீங்க?

அவரு வந்து பாத்தாரு. தகரத்துக்கு அடியில கையை வெச்சுத் தடவி, அந்த ஈரத்தை எங்கிட்டக் காட்டினாரு. “இது பனி இல்ல வசந்தாமணி, அதுங்க விட்ட மூச்சு. போக வழி இல்லாம மேல போயி முட்டி, தண்ணியாகித் திரும்ப அதுங்க தலைமேலயே விழுந்திருக்குது. குளிரு கொல்லல. நீ அடைச்சு வெச்சதுதான் கொன்னுருக்குது”ன்னாரு.

எப்படி இருக்கும் எனக்கு? பாசத்துல செஞ்சவளைப் பாத்துக் கொன்னுட்டேங்கறாரு. அன்னிக்குப் பூரா நான் அவருகூடப் பேசல.

அப்பறம் இந்தக் கூண்டைக் கட்ட ஆரம்பிச்சாரு. அப்பப்பா, என்னா ஆர்ப்பாட்டம்! கலியாண மண்டபம் கட்டறவன்கூட அத்தனை யோசனை பண்ண மாட்டான். பள்ளத்துல இருந்து காத்து வர்ற பக்கம் முதுகு, வெயில் விழுகற பக்கம் மொகம். கீழ பாதி வரைக்கும் பலகை, ஒரு கீறல் இல்லாம. உள்ள கோழி ஏறி உக்கார்ற கட்டை. அதையும் உருண்டையா வெக்கல, தட்டையா, அகலமா வெச்சாரு. வெரலை வவுத்து எறகுக்குள்ள வெச்சுட்டுக் கதகதன்னு தூங்கட்டும்னு. அந்தக் கட்டைக்கு மேல, கோழி தலை நிமிந்தாலும் எட்டாத ஒசரத்துல, தகரத்துக்கு அடியில இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் தொறந்தே விட்டுட்டாரு. கம்பி வலை மட்டும் அடிச்சாரு. அண்ணாந்து பாருங்க, ரெண்டு பக்கமும் இருக்குது.

“பனி உள்ள வராதா?”ன்னேன். “வந்தா தலைக்கு மேலயே போயிடும். கீழ இருக்கறதுங்க மேல காத்து அடிக்கக் கூடாது, ஆனா அதுங்க விட்ட மூச்சு வெளிய போயாகணும். ரெண்டும் வேற வேற வசந்தாமணி. உனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது”ன்னாரு.

இதோட விட்டாரா? கட்டி முடிச்சு, ஊதுபத்தியைக் கொளுத்திட்டுக் கூண்டுக்குள்ள போயிக் குத்த வெச்சு உக்காந்துட்டாரு! கோழி உக்கார்ற எடத்துல புகை நேரா நிக்குதா, மேல போனதும் வெளிய நழுவுதான்னு பாக்கறாராம். பக்கத்துக் காட்டுக்காரங்கெல்லாம் வேலியோரம் வந்து நின்னு, “என்னண்ணா, கோழிக்குப் பூசையா?”ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கறாங்க. எனக்கு மானம் போகுது. அவரு தலையில நூலாம்படையோட வெளிய வந்து, “நிக்குது வசந்தாமணி, புகை ஆடாம நிக்குது, நீ வந்து பாரு”ங்கறாரு. மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். கௌசி பொறந்தப்பக்கூட அந்த மனுசன் அப்படிச் சிரிச்சு நான் பாக்கல.

நான் போயிப் பாக்கல. எனக்கு அடுப்புல வேலை இருந்துச்சு.

அந்தத் தையிலதான் அவரு போனாரு.

மண்டிக்கு லோடு எறக்கப் போயிட்டு நனைஞ்சு வந்தாரு. காய்ச்சல், நிக்காத இருமல். நான் சும்மா விடுவேனுங்களா? இந்த ரூமுலதான் படுக்க வெச்சேன். ஜன்னலைச் சாத்தினேன். மேல ஓட்டையில சாக்கைத் திணிச்சேன். கதவுக்கு அடியில பழைய சேலையைச் சுருட்டி வெச்சேன். வாசல்ல சட்டியில கரியைப் போட்டு நல்லா விசிறி, புகையெல்லாம் சுத்தமா அடங்கி, கனலு செவசெவன்னு ஆனதுக்கு அப்பறந்தான் உள்ள கொண்டு போயி வெச்சேன். புகையோட கொண்டு போக எனக்கென்ன பைத்தியமா? புகைதானுங்க ஆளைக் கொல்லும். புகை அடங்கின கரி கொழந்தை மாதிரி, ஒண்ணும் பண்ணாது. இந்த மலையில எங்கம்மா காலத்துல இருந்து அப்படித்தானே செய்யறோம்.

அவரு சொன்ன பேச்சுக் கேக்கற ஆளா? “கோழியைப் பாத்துட்டு வந்துடறேன்”னு எந்திரிச்சு எந்திரிச்சு வர்றாரு. வெளிய பனி கொட்டுது, நெஞ்சுல சளி கட்டிக் கெடக்குது, இவருக்குக் கோழி! நான் வெளிய வந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டேன். தட்டினாரு. “தொற வசந்தாமணி, மூச்சு முட்டுது. அந்தச் சாக்கையாவது எடு”ன்னாரு. எனக்குத் தெரியாதா அவரு தந்திரம்? கோழிகிட்டப் போறதுக்கு ஒரு சாக்கு. “பேசாமப் படுங்க, கதகதன்னு இருக்குதில்ல”ன்னு சத்தம் போட்டேன். இன்னொருக்கா தட்டினாரு, மெல்ல. அப்பறம் சத்தமே இல்ல. தூங்கிட்டாருன்னு எனக்கு அவ்வளவு நிம்மதி. அன்னிக்குத்தான் நானும் கொஞ்சம் கண்ணசந்தேன்.

வெடியாலப் போயித் தொறந்தா உசுரு இல்லீங்க. கதவோரமாச் சாஞ்சு கெடக்கறாரு. மொகமெல்லாம் நல்லாச் செவந்து, இப்பத்தான் வெயில்ல இருந்து வந்த மாதிரி. அதனாலயே கொஞ்ச நேரம் நான் நம்பல. போட்டு உலுக்கறேன், உலுக்கறேன்.

ஆசுபத்திரியில டாக்டரு மூச்சடைச்சுப் போச்சுன்னாரு. சின்ன வயசுப் பையன், படிச்சுட்டு நேரா வந்திருப்பாரு போல. மாரடைப்பைத்தான் அப்படிச் சொல்லிட்டாரு. எங்க மாமனாரும் மாரடைப்புலதான் போனாரு. குடும்பத்துலயே இருக்குதுங்க, நாம என்ன பண்ண முடியும்?

கோழி ஒண்ணுகூடச் சாகல. அன்னிக்கு அடிச்ச பனிக்குத் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிக் கெடக்குது. இதுங்க கொண்டை செவக்கச் செவக்கக் கொக்கொக்குன்னு எறங்கி வருதுங்க. கூண்டுல கையை வெச்சுப் பாத்தேன், துளி ஈரமில்ல. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! எல்லாத்தையும் பொழைக்க வெச்சுட்டு இந்த மனுசன் மட்டும் என்னை விட்டுட்டுப் போயிட்டாரு.

என்னங்க மேஸ்திரி, ஒரு மாதிரிப் பாக்கறீங்க? டீ ஆறுது, குடிங்க.

அப்பறம் அவரு போகவே இல்லீங்க. பொழுது சாயற நேரம் கூண்டுக்குள்ள கோழிங்க மெல்லப் பேசிக்கும். அவரு உள்ள போனா மட்டுந்தான் அப்படிப் பேசும். நான் போனா கத்திட்டு ஓடும். ஆளில்லாத கூண்டுக்குள்ள யாருகிட்டங்க பேசுதுங்க? ஒருநாளு அந்த இருமல் சத்தமும் கேட்டேன். வௌக்கமாத்தைக் கையில வெச்சுட்டு இதே எடத்துலதான் நின்னேன். எனக்குப் பயமில்லைன்னு ஊருல சொல்லிக்கறேன். பயந்தானுங்க. கட்டினவருதான், ஆனா செத்தவராச்சே.

அந்த ரூமை அப்படியே பூட்டி வெச்சிருந்தேன், விதைக் கெழங்கு மட்டும் போட்டு வெப்பேன். இப்ப கௌசி பிரசவத்துக்கு வந்திருக்கா. மாப்ளை திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறாரு. “இந்தக் குளிருல வேண்டாமே அத்தை, இங்கயே பாத்துக்கலாம்”னாரு. மொதப் பிரசவம் தாய் வீட்டுலதான்னு நான் ஒரே பிடியா நின்னு கூட்டிட்டு வந்தேன். ஆபரேசன் பண்ணி எடுத்த கொழந்தை. வீட்டுல அந்த ஒரு ரூமுதான் மேல தளம் போட்டு அடக்கமா இருக்கறது. கழுவி, வெள்ளையடிச்சு, ஓட்டையில சாக்கைத் திணிச்சுப் படுக்க வெச்சேன்.

மறுநாளு வெடியாலப் பாக்கறேன், சாக்கு ஓட்டையில இல்ல.

கட்டில் கால்மாட்டுல கெடக்குது. விழுந்த மாதிரியும் இல்லீங்க. நாலா மடிச்சு, வாய்ப்பக்கம் உள்ள சொருகி வெச்சிருக்குது. லோடு எறக்கிட்டு வந்தா வெறுஞ்சாக்கை அவரு அப்படித்தான் மடிப்பாரு.

கௌசியா? அவளா எடுத்திருப்பாங்கறீங்க? நானும் கேட்டேன். “எனக்கு எட்டவே எட்டாதும்மா, தையலு போட்ட வவுத்தோட நான் எப்படி ஸ்டூல் மேல ஏறுவேன்”னா. நெசந்தானே. மறுபடி திணிச்சேன். மறுபடி கால்மாட்டுல மடிப்பு. கம்பு வெச்சுக் குத்தித் திணிச்சேன். மடிப்பு! இத்தனைக்கும் தாழ்ப்பாளு வெளிய போட்டிருக்குது. ஆமாங்க, கௌசிக்கும் போட்டுத்தான் வெக்கறேன். அவளும் அப்பனாட்டவே, “மூச்சு முட்டுது, வாசல்ல உக்கார்றேன்”னு எந்திரிச்சு எந்திரிச்சு வர்றா. பச்ச ஒடம்போட பனியில உக்காந்தா சன்னி கண்டுடாதா?

பூசாரிகிட்டப் போனேன். “ஆத்துமா கோவத்துல இருக்குது, பச்சக் கொழந்தையைக் கேக்குது”ன்னாரு. எம்மேல கோவம்னா என்னை எடுத்துட்டுப் போகட்டும், பேரன் என்ன பண்ணினான்? கண்ணைக்கூட இன்னும் முழுசாத் தொறக்காத புள்ளைங்க. எலுமிச்சம்பழம் கட்டினேன். வேப்பலை சொருகினேன். அவருக்குப் பிடிச்ச மொச்சைக் கொழம்பு வெச்சுப் படையல் போட்டேன். கூண்டு முன்னால நின்னு, “உங்க காலைப் புடிக்கறேன், என் பேரனை விட்டுடுங்க”ன்னு கும்பிட்டு அழுதேன். அன்னிக்கும் சாக்கு வெளியதான்.

அப்பத்தான் எனக்கு வீம்பு வந்துச்சு. அவரு எந்த வழியா வர்றாரு? அந்த ஓட்டை வழியாத்தானே? ஓட்டையே இல்லாமப் பண்ணிட்டா? அதான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்க வர்ற வரைக்கும் எதுக்கு விடணும்னு வெடியாலயே ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையை வெச்சு அடிச்சுட்டேன். கௌசி கூடாதுன்னு கத்துனா, நான் காதுலயே வாங்கல. ஓரமெல்லாம் களிமண்ணைக் கொழைச்சு அப்பியிருக்கேன். இனி எப்படி வர்றாருன்னு பாத்துடறேன்.

பாருங்க, அடைச்சதும் எத்தனை வித்தியாசம்! நேத்து வரைக்கும் கொழந்தை நைநைன்னு ஒரே அழுகை. இன்னிக்கு மூச்சுக் காட்டல. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, அவரு உள்ள வர முடியலைன்னு.

என்னங்க? கரியா? இப்ப உள்ள கரி இருக்குதான்னா கேக்கறீங்க? இல்லாமப் பின்ன? இந்தக் குளிருல கனலில்லாத ரூமுலயா போடுவேன்? பெரிய சட்டியாத்தான் வெச்சிருக்கேன். கட்டிலுக்குக் கிட்டவே. பயப்படாதீங்க, புகை சுத்தமா அடங்கினதுக்கு அப்பறந்தான் வெச்சேன். நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடிதான் கௌசி கதவைத் தட்டுனா. தலை பொளக்குது, வவுத்தைப் பெரட்டுதுன்னா. படுத்துக்க கண்ணு, சரியாப் போயிடும்னேன். அதோட அவளும் சத்தமில்லாமத் தூங்கிட்டா.

ஏனுங்க! டீயைக் கொட்டிட்டீங்களே! எங்க ஓடறீங்க? மேஸ்திரி! பச்சப் புள்ளை இருக்கற ரூமுங்க, செருப்போட போறீங்களே! தாழ்ப்பாளைத் தொடாதீங்க, நான் சொல்றேன் தொடாதீங்க! குளிரு உள்ள போயிடும்! கொழந்தை நல்லாத் தூங்கறான், அவனை எதுக்குத் தூக்கறீங்க? ஐயோ, வெளிய கொண்டு வராதீங்க, பனி! யாராவது வாங்களேன், இந்த ஆளு எம்பேரனைத் தூக்கிட்டு வர்றாருங்க!

கௌசி... கௌசி, ஏன் கண்ணு கதவோரமா கெடக்கற? மொகம் ஏன் இப்படிச் செவந்து கெடக்குது? எந்திரி. அம்மாதான் கண்ணு, எந்திரி. என்னைப் பாரு. ஐயோ சாமி, தலை நிக்க மாட்டேங்குதே. மேஸ்திரி, இவளையும் புடிங்க, எனக்குத் தூக்க முடியல. இழுங்க, இழுத்தே வாங்க, வாசலுக்கு வாங்க!

வாந்தி எடுக்கறா. எடுக்கட்டும், எடுக்கட்டும். கண்ணைத் தொறந்துட்டா. அம்மா இங்கதான் இருக்கேன்டி.

கொழந்தை? கொழந்தை ஏங்க அசைய மாட்டேங்கறான்? ஒள்ளங்காலைச் சுண்டுங்க. இன்னும், இன்னும் பலமாச் சுண்டுங்க, வலிச்சா வலிக்கட்டும்! காத்துல காட்டுங்க அவனை, நல்லாக் காத்துல காட்டுங்க!

அழுதுட்டான். கேட்டீங்களா, அழுதுட்டான்! அழுடா எஞ்சாமி, நல்லாக் கத்தி அழுடா. குடுங்க எங்கிட்ட. இல்ல, உள்ள கொண்டு போகல, இங்கயே நிக்கறேன். போர்வை மட்டும் போட்டுக்கறேன். வண்டிக்குச் சொல்லுங்க, ரெண்டு பேரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிடலாம்.

கரியா? கரிதான்னா சொல்றீங்க? புகையே இல்லீங்களே. நான் பொய் சொல்லல, நீங்களே பாத்தீங்கல்ல, கனலு எப்படித் தெளிவா இருந்துச்சுன்னு. விட்ட மூச்சு போக வழி வேணுமா? அது கோழிக்குங்க. அவரு கோழிக்குத்தானே சொன்னாரு?

அத்தனை நேரம் கூண்டுக்குள்ள உக்காந்து காத்து எப்படி வரணும், எப்படிப் போகணும்னு கோழிக்குப் பாத்துப் பாத்துச் செஞ்ச மனுசன், இந்த ரூமைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மேஸ்திரி. வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனுங்களா?